பக்க லைனுக்குத் திரும்பிய ரயில்

பக்கவாதம் வந்தபிறகு ஜெயவேலின் வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான்: "பேஜார்."

தண்ணீர் வேண்டுமென்றாலும் பேஜார். மின்விசிறியை நிறுத்த வேண்டுமென்றாலும் பேஜார். மற்ற சொற்கள் எல்லாம் உள்ளே இருந்தன. கண்ணைப் பார்த்தாலே ரேணுகாதேவிக்கு அது தெரிந்தது. ஆனால் தொண்டைக்கு வரும்போது வேறொன்றாக மாறி விழுந்தன. அபூர்வமாக ஒருநாள் சோறு என்று சொல்லப்போய் செருப்பு என்பான். சொன்ன அடுத்த நொடியே தப்பு என்று புரிந்து இடது கையால் நெற்றியில் அடித்துக்கொள்வான். வலது கை அதற்கும் உதவாது. கரண்டியைப் பிடிக்கவே அது நடுங்கியது.

நாற்பத்தேழு வயதுக்காரன். காட்பாடியில் ரயில்வே சிக்னல் பிரிவில் டெக்னீஷியன். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் ரயிலை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பிவிடும் பாயிண்ட்டுகளைப் பழுது பார்ப்பது அவன் வேலை. பகலெல்லாம் அதைப் பார்த்துவிட்டு வந்தும் ஆசை அடங்கவில்லை போலிருக்கிறது. ஆரணி கொசப்பாளையத்தில் இருந்த வீட்டின் மாடி அறையில், பிளைவுட் மேடை போட்டு ஒரு மாடல் ரயில் கட்டிக்கொண்டிருந்தான். "ஊருக்குள்ள வராத ரயிலு உங்க மாடிக்கு வந்துடுச்சே" என்று தெருவில் கேலி செய்வார்கள். நிஜ ரயில் ஏற வேண்டுமானால் ஊரைத் தாண்டி ஆரணி ரோடு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். மாடியிலோ விரல் நீளப் பெட்டிகளோடு ஒரு ரயில் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடும். சுற்றுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. அருகிலேயே போட்டு வைத்திருந்த பக்க லைனுக்குப் பிரிவதற்கான பாயிண்ட்டுகளை அவன் வாங்கி வைத்திருந்தான். பொருத்துவதற்குள் இப்படி ஆகிவிட்டது.

அந்த மேடைமேல் ரேணுகாதேவிக்குப் பெரிய பிரியம் கிடையாது. கீழே முன்னறையில், பட்டுச்சேலைகளுக்கான ரவிக்கைகளில் ஆரி வேலை செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தாள். மாடி அறை காலியாகக் கிடைத்தால் இன்னும் இரண்டு பெண்களை உட்கார வைத்து வேலை வாங்கலாம் என்ற கணக்கு அவளுக்கு எப்போதும் உண்டு. அவள் வேகக்காரி. ஊசியிலும் வேகம், பேச்சிலும் வேகம். ஜெயவேல் நல்லபடியாக இருந்த காலத்திலேயே அவன் "அந்த..." என்று ஆரம்பித்தால் "துண்டுதானே, இந்தாங்க" என்று முடித்துவிடுவாள். இப்போதோ கேட்கவே வேண்டாம். டாக்டர் அவனைப் பார்த்துக் கேட்டால் இவள் பதில் சொன்னாள். பார்க்க வந்தவர்கள் நலம் விசாரித்தால் இவள் பதில் சொன்னாள். அவன் கண் போகும் திசையைப் பார்த்தே சொம்பையும் செய்தித்தாளையும் எடுத்துக் கொடுத்தாள். அவனுக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்பதுதான் அவள் எண்ணம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க மனோன்மணி என்ற பெண் வாரம் ஒருமுறை போளூரிலிருந்து வந்தாள். மாம்பழம், சீப்பு, குடை என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னாள். முதல் வாரம் ஜெயவேல் முயன்றான். அடுத்த வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்கடுத்த வாரம் அட்டைகளைத் தட்டிவிட்டு, காலை இழுத்து இழுத்து மாடிப்படி ஏறிப் போய்விட்டான்.

"மாடியில இன்னா இருக்குது?" என்று மனோன்மணி கேட்டாள்.

"ஒரு பொம்மை ரயிலு. அதும் எதிர்ல போய் உக்காந்துக்குவாரு. ஓட்டக்கூட மாட்டாரு, சும்மா பாத்துகினே இருப்பாரு."

மனோன்மணி மாடிக்குப் போனாள். மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஓரத்தில் இருந்த அட்டைப் பெட்டியிலிருந்து கவட்டை போலப் பிரிந்திருந்த ஒரு தண்டவாளத் துண்டை எடுத்து, "சார், இது இன்னாது?" என்றாள்.

"அது வந்து..." என்று ரேணுகாதேவி ஆரம்பித்தாள். மனோன்மணி அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

ஜெயவேல் அந்தத் துண்டைப் பார்த்தான். உதடு குவிந்தது, பிரிந்தது, மறுபடி குவிந்தது. தெருவில் எங்கோ ஒரு தறி ஓடும் சத்தம் கேட்டது.

"பா..." என்றான். "பா... பாயிண்ட்."

அட்டையில் இருந்த மாம்பழத்துக்கு வராத சொல் இதற்கு வந்துவிட்டது. ரேணுகாதேவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அட்டையெல்லாம் இனிமே வேணாம்க்கா" என்றாள் மனோன்மணி. "ரெண்டு பேரும் சேந்து இதை மாட்டுங்க."

"அவருக்கு ஒரு கைதானே ஆவுது."

"உங்களுக்கு ரெண்டு இருக்குதில்ல?"

"எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதும்மா."

"அதான் நல்லது. தெரிஞ்சா நீங்களே எல்லாத்தையும் செஞ்சிடுவீங்க, அவரு வாயைத் தொறக்கவே மாட்டாரு. அவரு சொல்லட்டும். எவ்ளோ நேரம் ஆனாலும் நீங்க முந்திக்காதீங்க."

கடை திறப்பதற்கு முன் காலை வேளையில் வேலை என்று வைத்துக்கொண்டார்கள். மேடைக்கு மேலே செய்கிற வேலை எளிதாகத்தான் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த வட்ட லைனில் எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று ஜெயவேல் இடது கையால் பென்சில் கோடு போட்டான். சின்ன ரம்பத்தால் அவள் அறுத்தாள். அறுத்த துண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாயிண்ட்டை வைத்து, இரண்டு தண்டவாள நுனிகளையும் கவ்விப் பிடிக்கும் தகட்டுத் துண்டுகளைச் சொருகினாள். அவன் விரலை நீட்டுவான், அவள் செய்வாள். பேச்சுக்கு வேலையே இருக்கவில்லை.

அடுத்தது மேடைக்கு அடியில். பாயிண்ட்டின் நாக்குகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுகிற மோட்டார் அங்கேதான் உட்கார வேண்டும். பலகையில் துளை போட்டு, மோட்டாரின் கம்பி அந்தத் துளை வழியாக மேலே வந்து பாயிண்ட்டைப் பிடிக்கும்படி திருக வேண்டும். அதற்குச் சிவப்பு, பச்சை, கறுப்பு என்று மூன்று ஒயர்கள். கறுப்பு இரண்டுக்கும் பொது. சிவப்பில் மின்சாரம் தொட்டால் ஒரு பக்கம் தள்ளும், பச்சையில் தொட்டால் மறுபக்கம் தள்ளும். டிரான்ஸ்பார்மரும் அடியிலேயே இருந்தது.

ஜெயவேலால் குனிந்து நுழைய முடியாது. ரேணுகாதேவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பாயை விரித்து அதன்மேல் மல்லாந்து படுத்தாள். அங்கிருந்து பார்த்தால் அவனுடைய பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. அவன் முகம் தெரியவில்லை. கண் எங்கே போகிறது என்று தெரியவில்லை. நீட்டுகிற விரலும் தெரியவில்லை.

மோட்டாரைத் திருகினாள். ஒயர்களை முறுக்கினாள். "சிவப்பைத் தொடட்டுமா?" என்று கேட்டாள். அவன் பாதம் தரையில் ஒருமுறை தட்டியது. சரி என்று எடுத்துக்கொண்டு, சிவப்பு ஒயரின் நுனியை டிரான்ஸ்பார்மரின் முனையில் வைத்தாள்.

மோட்டார் 'டக்' என்று அடிக்காமல் 'உர்ர்' என்று உறுமியது.

"பேஜார்" என்றான் ஜெயவேல்.

"இருங்க, பாத்துகினு இருக்கேன்."

"பேஜார்! பேஜார்!"

"அட இருங்கன்றேன். கொஞ்சம் அழுத்தினா நகந்துடும்."

"பேஜார்!" கூடவே மேடையில் கை ஓங்கி விழுந்தது. மேலே நின்ற ரயில் பெட்டிகள் குலுங்கின. அதற்குள் அவள் மூக்கில் கருகல் வாடை ஏறியது. கையை எடுத்தாள். மோட்டாரிலிருந்து மெலிதாகப் புகை கிளம்பிப் பலகையில் மோதிக் கலைந்தது.

அவள் வெளியே வந்தபோது ஜெயவேல் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தான். மேலே துளை சற்றுத் தள்ளி விழுந்திருந்ததால் கம்பி ஓரத்தில் சிக்கி நின்றது. அது சிக்கியதை அவன் பார்த்திருக்கிறான். அவளுக்கு அது எதுவும் புரியவில்லை. புரிந்ததெல்லாம், பொருள் எரிந்துபோனது, அதுவும் தன் கையால் என்பதுதான். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, எனக்கு இதெல்லாம் வராதுன்னு" என்று கத்திவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

பிறகு சில நாள் மாடி அறை பூட்டியே கிடந்தது. ஜெயவேல் பேஜார் என்றுகூடச் சொல்லவில்லை. வைத்ததைச் சாப்பிட்டான், படுத்தான்.

ஒருநாள் மத்தியானம் கடையில் கூட்டமில்லை. ரேணுகாதேவி ஒரு மயில் கழுத்து நிற ரவிக்கையில் சரிகை இழையை இழுத்துக்கொண்டிருந்தாள். ஊசி தன் பாட்டுக்கு ஏறி இறங்க, அன்றைக்கு அவன் கத்தியது காதில் திரும்ப ஓடியது. முதலில் சாதாரணமாக ஒருமுறை. பிறகு பதற்றமாக இரண்டு முறை. கடைசியில் கையால் அடித்து ஒருமுறை. தண்ணீர் கேட்கிற பேஜார் இல்லை அது. மின்விசிறி பேஜாரும் இல்லை. தெளிவாக, ஒவ்வொரு தடவையும் இன்னும் உரக்க, அவன் அவளிடம் கையை எடுக்கச் சொல்லியிருக்கிறான். அவனிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது, அதைக்கொண்டு சொல்லியிருக்கிறான். காது இருந்தும் வாங்காதது இவள்.

ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு உள்ளே போனாள். ஜெயவேல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"அன்னிக்கு என்னைக் கையை எடுன்னுதானே சொன்னீங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். மெல்லத் தலையாட்டினான்.

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் கேக்கல."

அவன் உதடு அசைந்தது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

"வி..." என்றான். "விடு."

அன்றைக்குச் சொல்ல வேண்டிய சொல்லை இப்போது சொன்னானா, இல்லை, நடந்தது நடந்துவிட்டது, விடு என்கிறானா? அவளுக்குத் தெரியவில்லை. "ஒயரையா, இல்ல அந்தப் பேச்சையா?" என்று கேட்டாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறிய சிரிப்பு. "ரெண்டும்" என்றான். யோசிக்காமல் வந்த சொல். இருவருமே ஒரு கணம் திகைத்துப் போனார்கள்.

அவனோடு வேலை பார்த்த பார்த்திபன் சென்னைக்குப் போயிருந்தபோது வேறு மோட்டார் வாங்கி வந்து கொடுத்தான். "இன்னா அண்ணி, நீங்களா மாட்டப் போறீங்க?" என்று ஆச்சரியப்பட்டான். "நாங்க ரெண்டு பேரும்" என்றாள் ரேணுகாதேவி.

இந்த முறை அவசரப்படவில்லை. மேடைக்கு வேண்டிய சொற்களை மட்டும் மனோன்மணியோடு உட்கார்ந்து ஜெயவேல் பழகினான். சிவப்பு, பச்சை, கறுப்பு. தொடு, விடு. மேல, கீழ. போதும். பச்சையைச் சிவப்பு என்று மாற்றிச் சொல்வது மட்டும் போகவில்லை. அதனால் அவன் நிறத்தைச் சொன்னதும் அவள் அதைத் திருப்பிச் சொல்வாள், அவன் யோசித்து ஆமாம் போடுவான் அல்லது திருத்துவான். துளையை அகலப்படுத்தி, கம்பி தாராளமாக ஆடுகிறதா என்று கையாலேயே தள்ளிப் பார்த்தபிறகுதான் ஒயரை எடுத்தாள்.

"தொடு" என்றான் மேலே இருந்து.

தொட்டாள். டக்.

"விடு."

ஏற்கெனவே விட்டிருந்தாள். "நகந்துச்சா?"

அவள் அவன் பாதங்களையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். "நகந்...துச்சு" என்று வந்தது பதில்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒயர்களைப் பொத்தானில் இணைத்து ரயிலை ஓடவிட்டபோது வேறொரு தொல்லை வந்தது. பாயிண்ட் நேர் லைனுக்கு இருக்கும்வரை ரயில் சமர்த்தாகச் சுற்றியது. பக்க லைனுக்குத் திருப்பிய அந்த நிமிடமே, ரயில் எங்கே இருந்தாலும் செத்தது போல நின்றது. ரயிலை ஓட்டும் கண்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்தது. நேராகத் திருப்பினால் மறுபடி உயிர் வந்தது.

ரேணுகாதேவி தன் ஒயரிங்கில்தான் கோளாறு என்று முடிவு கட்டினாள். அடியில் நுழைந்து எல்லாவற்றையும் பிரித்தாள், மறுபடி முறுக்கினாள், ஈயம் வைத்தாள். சூட்டுக்கோல் பட்டு விரல் பொத்துப்போனது. அப்படியும் அதே கதைதான். மூன்றாவது தடவை பிரிக்கப் போனபோது மேலே இருந்து குரல் வந்தது.

"இல்ல."

"இன்னா இல்ல?"

"கீழ இல்ல. மேல."

அவள் வெளியே வந்தாள். ஜெயவேல் பாயிண்ட்டின் அந்தப் பக்கம், தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தைத் தாண்டி, இரண்டு நுனிகள் சேரும் இடத்தில் விரலை வைத்தான். அங்கே அவள் சொருகிய தகட்டுத் துண்டு இருந்தது.

"இது கழண்டுக்கிச்சா? இறுக்கமாத்தானே இருக்குது."

இல்லை என்று தலையாட்டினான். அறையைச் சுற்றிப் பார்த்தான். அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். தேடியது கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் கையிலெடுத்துக் காட்டியிருப்பான். இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

"ஃபிஷ்..." என்றான்.

சோறு செருப்பான மாதிரி இதுவும் ஏதோ மாறி வருகிறது என்று நினைத்தாள். "மீனா?"

"மீன் இல்ல!" என்று எரிந்து விழுந்தான். கோபத்தில் சொல் தடுக்காமல் வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. "ஃபிஷ்... ஃபிஷ்..." அவன் நெற்றி வியர்த்தது.

ரேணுகாதேவியின் நாக்கு துறுதுறுத்தது. பிசினா? பின்னா? எதையாவது எடுத்துக் கொடுக்கத் தோன்றியது. ஆனால் எதைக் கொடுப்பது? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அடுத்து என்ன சொல்லப் போகிறான் என்பது அவளுக்குத் தெரியாமல் போனது இதுதான் முதல் தடவை. தெரிந்தது அவன் ஒருவனுக்குத்தான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். கீழே யாரோ வந்து "அக்கா, பிளவுஸ் ரெடியா?" என்று கூப்பிட்டார்கள். "செத்த இரும்மா, வரேன்" என்று திரும்பாமலே பதில் கொடுத்தாள்.

"ஃபிஷ் பிளேட்" என்றான் ஜெயவேல். நுனிகளைச் சேர்க்கும் அந்தத் துண்டுக்கு ரயில்வேயில் அதுதான் பெயர். அவள் தலையாட்டினாள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். "இது இரும்பு. கரண்ட்டு... போவுது. போவக் கூடாது. அங்க... அங்க..." கண்ணை மூடினான். "பிளாஸ்டிக். வெள்ளை. சின்ன பாக்கெட்டு."

அவளுக்கு நினைவு வந்தது. பாயிண்ட்டோடு வந்த பொட்டணத்தில், அரிசி மணி போல வெள்ளையாகச் சில பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தன. எதற்கும் ஆகாது என்று நினைத்து, தூக்கிப் போடவும் மனமில்லாமல், கடையில் மணிகள் போடும் டப்பாவில் கொட்டி வைத்தவள் அவள்தான்.

படியில் ஓட்டமாக இறங்கினாள். வாசலில் காத்திருந்த பெண் "இன்னாக்கா ஜல்தி?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், டப்பாவைக் கவிழ்த்துச் சிவப்பு மணிக்கும் பச்சை மணிக்கும் நடுவிலிருந்து அவற்றைப் பொறுக்கினாள்.

தண்டவாளத்தை அந்த இடத்தில் ஆணி கழற்றி லேசாக விலக்கி, உள்பக்கத்து இரண்டு தண்டவாளங்களிலும் இரும்பை எடுத்துவிட்டு ஒன்றில் வெள்ளைத் துண்டைச் சொருகினாள். இரண்டிலும் வெள்ளைத் துண்டு உட்கார்ந்தால் தண்டவாளங்கள் சேர்ந்திருக்கும், ஆனால் மின்சாரம் அந்த இடத்தைத் தாண்டாது. நேர் லைனுக்குப் போக வேண்டியதும் பக்க லைனுக்குப் போக வேண்டியதும் ஒன்றோடொன்று மோதி ஷார்ட் ஆகாது. இரண்டாவது துண்டை வலது கையால் சொருகப் பார்த்தான் ஜெயவேல். விரல் நடுங்கியது. துண்டு கீழே விழுந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள், மறுபடி விழுந்தது, மறுபடி எடுத்துக் கொடுத்தாள். அது உட்கார்ந்தபோது அவன் நீளமாக மூச்சு விட்டான்.

அவன் பொத்தானைத் தட்டினான். டக். கண்ட்ரோலர் விளக்கு பச்சையாகவே இருந்தது. ரயில் வளைவில் வந்தது, பாயிண்ட்டில் ஏறியது, ஒருமுறை குலுங்கி, வட்டத்தை விட்டுப் பக்க லைனுக்குத் திரும்பியது. கடைசிப் பெட்டியும் திரும்பி முடித்தது.

"போயிடுச்சுங்க" என்றாள் ரேணுகாதேவி.

"இன்னொரு..." என்று அவன் ஆரம்பித்தான்.

"இன்னொரு வாட்டியா? ஓட்டுங்க, ஓட்டுங்க."

"இரு" என்றான். "நான் சொல்றேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் நிதானமாக, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். "இன்னொரு பாயிண்ட்டு... அந்தக் கோடி. நாளைக்கு."

அதன்பிறகு எல்லாம் சட்டென்று சரியாகிவிடவில்லை. வேலைக்குத் திரும்பினாலும் தண்டவாளத்துக்கு இறங்கிச் செய்கிற வேலை இனிமேல் முடியாது, உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்றம் கேட்க வேண்டும் என்றார்கள். அசதியான நாளில் பேச்சு மறுபடி குழறியது. மாம்பழ அட்டையைக் காட்டினால் இன்னும் சீப்பு என்பான். ஆனாலும் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் சில புதுச் சொற்கள் ஒட்டிக்கொண்டன. டாக்டர் கேள்வி கேட்டால் இப்போது ரேணுகாதேவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐப்பசியில் மனோன்மணி வாரம் ஒருமுறை வருவதை மாதம் ஒருமுறையாக்கிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் மாடியில் இருந்தபோது பார்த்திபனிடமிருந்து போன் வந்தது. வழக்கம்போல ரேணுகாதேவிதான் எடுத்தாள். "அண்ணன் எப்படி இருக்காரு அண்ணி?" என்று அவன் கேட்டான். பக்கவாதம் வந்ததிலிருந்து ஜெயவேல் போனைக் காதில் வைத்ததில்லை. கை ஜாடையும் முகக்குறிப்பும் உதவாத இடம் அது. அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு "நீயே கேளு" என்று சொல்லி, போனை அவனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கினான்.

கீழே வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள். தாலி கட்டும்போது உடுத்தும் திருப்பூட்டுச் சேலைக்கு வைத்த ரவிக்கை அன்றைக்கே வேண்டுமாம். ரேணுகாதேவி இறங்கிப் போய்ச் ரவிக்கைத் துணி கட்டிய சட்டத்தின் முன் உட்கார்ந்து ஊசியை எடுத்தாள். மாடியிலிருந்து ஜெயவேலின் குரல் வந்துகொண்டிருந்தது. ஒரு சொல், பிறகு நீண்ட இடைவெளி, பிறகு இரண்டு சொல். "ஷார்ட்டு... ஆச்சு." இடைவெளி. "பிளாஸ்டிக் போட்டோம்." மறுபடி இடைவெளி. எங்கோ தடுக்கி நின்று, சலித்துக்கொண்டு, வேறு வழியாகப் போய் அந்தச் சொல்லைப் பிடித்தான். பார்த்திபன் அந்தப் பக்கம் பொறுமையாகக் காத்திருக்கிறான் போலிருந்தது.

"யாருக்கா மேல பேசிகினு இருக்கிறது?" என்று வந்த பெண் கேட்டாள்.

"எங்க வூட்டுக்காருதான்" என்றாள் ரேணுகாதேவி. "ரயிலு கதை. ஆரம்பிச்சாருன்னா இப்போதைக்கு முடிக்க மாட்டாரு."